நான் பிரெஞ்சில் உம் கொட்டிய கதை

“…அதனாலதாம்மா, உங்க ஃபைலைப் பார்த்ததும் மத்த ஃபைலை நான் பிரிக்கவே இல்ல. பிரெஞ்சு தெரிஞ்ச ஒரு உள்ளூர்ப் பொண்ணு கிடைக்குமான்னு ரெண்டு வருஷமா தேடுறேன்” என்று சொல்லி முடித்து, சுமதி மேடம் என்னைப் பார்த்து நிறைவாகச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். எனக்கு பிரெஞ்சு தெரியும் என்கிற செய்தியை நானே அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். தான் சொன்ன பொய் என்ன என்றே தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். (இதில் பெருமை வேறு.)

சுமதி மேடம், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட விடுதிக்கு மேனேஜர். சொந்த ஊர் வேலூர். வரவேற்பு மேசையில் உட்கார ஒரு பட்டதாரி வேண்டும் என்று எங்கள் கல்லூரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். பி.காம்., முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்பை வைத்துக்கொண்டு அதற்குள் எட்டு இன்டர்வியூவுக்குப் போய் எட்டிலும் திரும்பி வந்திருந்தேன். போன இடமெல்லாம் ‘அனுபவம் இருக்கா?’ என்று கேட்டார்கள். அதை வீட்டில் வந்து சொன்னால் அப்பா கடுப்பாகிவிடுவார். “நீச்சல் தெரிஞ்சவன்தான் கெணத்துல எறங்கணும்னா, நீச்சலை எங்க கத்துக்கறது, கட்டில் மேலயா?” என்பார். அப்பா மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வேலைவாய்ப்புப் பிரச்சினையை அவரைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த அப்பாதான் எனக்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார். ஆடி மாதத்தில் கல்யாணப் பேச்சு கிடையாது. ஆவணி பிறந்தால் பெண் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க முடியாது. “நான் ஒண்ணும் ராட்சசன் இல்லம்மா. ஆடி முடியறதுக்குள்ள ஒரு வேலையைப் புடிச்சிக்கினா, வர்றவங்களை ரெண்டு வருஷம் நான் தள்ளி வைக்கிறேன். இல்லன்னா ஆவணியில இருந்து காபி போட ஆரம்பி” என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவையாவது, படித்த படிப்புக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் மணையில் உட்காரலாமே என்றுதான். நான் சுமதி மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று, ஆடி முடிய நாலே நாள் பாக்கி.

சரி, எனக்கு பிரெஞ்சு எப்படித் தெரிந்தது?

எங்கள் கல்லூரிக்கு எதிரில் பிரபு அண்ணன் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், பஸ் டிக்கெட், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் எல்லாம் அங்கேதான். கடைசி வருடப் பிள்ளைகள் எல்லாருக்கும் பயோடேட்டா போட்டுக் கொடுப்பதும் அவர்தான். வருஷத்துக்கு நூறு பயோடேட்டா போடுவார். ஆனால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு பயோடேட்டா. அது அவருடைய மச்சானுக்காக எப்போதோ போட்டது. மச்சான் வெள்ளைக்காரர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுகிற கைடு. அந்த பயோடேட்டாவை அனுப்பிய முதல் இடத்திலேயே மச்சானுக்கு வேலை கிடைத்து, அவன் பிளேன் ஏறிவிட்டான். அன்றிலிருந்து அது ராசியான பயோடேட்டா. பேர், அப்பா பேர், படிப்பு, போட்டோ இந்த நான்கை மட்டும்தான் பிரபு அண்ணன் மாற்றுவார். “மத்ததுல ஒரு எழுத்தைத் தொட்டாலும் ராசி பூடும்மா” என்பார்.

ராசியை எதிர்த்து யார் கேள்வி கேட்பது? நானும் பேரும் இனிஷியலும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு, சாமி படத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டேன். கீழே தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்றும், பொழுதுபோக்கு என்ற இடத்தில் மலையேற்றம், பறவைகளைக் கவனித்தல் என்றும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. (எங்கள் வீட்டில் நான் கவனித்த ஒரே பறவை கோழி. அதுவும் சாயங்காலம் கூண்டில் அடைக்கும்போது.)

அங்கேயே ‘தெரியாது மேடம், தப்பா அச்சாகியிருக்கு’ என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் பயிற்சி பெற்றவள். கல்லூரியில் கடைசி செமஸ்டரில் மூன்று நாள் எங்களுக்குப் பேச்சுத்திறன் வகுப்பு எடுத்தார்கள். காதிலிருந்து வாய்க்கு ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு வந்த சார், ‘நோ என்கிற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. எது கேட்டாலும் யெஸ் சொல்லுங்கள், அப்புறம் கற்றுக்கொள்ளலாம்’ என்று சொல்லியிருந்தார். நான் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

“பிரெஞ்சு நல்லா பேசுவீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“யெஸ் மேடம்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த போன் அடித்தது.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பிரான்சிலிருந்து ஜெரார் என்று ஒரு பெரியவர், ஒரு வாரமாகத் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாராம். அவருக்கு ஆங்கிலம் வராது. மெயில் போடுங்கள் என்று யாராவது சொல்லிப் புரியவைக்கலாம் என்றால், அதைச் சொல்லவே பிரெஞ்சு வேண்டும். கைபேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். அது எழுத்துக்கு உதவும். கம்பி போனில் மூச்சு விடாமல் பேசுகிற கிழவருக்கு அது ஈடு கொடுக்காது. “நல்ல மனுஷன்மா. என்ன வேணும்னு கேட்டு எழுதிக்குங்க. இதையே உங்க இன்டர்வியூன்னு வச்சிக்கலாம்” என்று ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு பிரெஞ்சில் மூன்று வார்த்தை தெரியும். ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் இலவசமாகக் கற்றது. வணக்கத்துக்கு போன்ஜூர், நன்றிக்கு மெர்சி, ஆமாம் என்பதற்கு வீ. நான் “போன்ஜூர்” என்றேன். அவ்வளவுதான், மறுமுனையில் மதகு திறந்துவிட்டது.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். பேசுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு ‘ம்’ போட வேண்டும். போடாவிட்டால், ‘நான் இன்னா செவுத்துகிட்டயா பேசினு இருக்கேன்’ என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். ‘ம்’ என்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. புரிந்ததாகக்கூட அர்த்தம் இல்லை. இன்னும் தூங்கவில்லை என்று அர்த்தம். பதினேழு வருடம் படித்த எதையும் நான் இவ்வளவு நன்றாகக் கற்றதில்லை. நாள்முழுக்க உம் கொட்டுவேன்.

வெறும் ‘ம்’ என்றால் வெள்ளைக்காரருக்கு மரியாதையாக இருக்குமோ இருக்காதோ என்று, தெரிந்த வார்த்தையைப் போட்டு உம் கொட்டினேன்.

அவர் மூச்சு வாங்கினார். “வீ” என்றேன்.

அவர் குரல் உயர்ந்து கேள்விபோல நின்றது. “வீ, வீ” என்றேன். மறுமுனையில் ஒரே மகிழ்ச்சி. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நடுவில் அவர் குரல் தழுதழுத்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பட்டது. துக்க வீட்டில் கொட்டுகிற உம் ஒன்று இருக்கிறது, நீளமாக, கீழே இறங்கி. அதே ராகத்தில் “வீ…” என்றேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் இன்னும் பிரியமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மேடம் எழுதிக்கொள்ளச் சொன்னாரே என்று பேனாவையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு, அழகான கோலம். மேடம் ஒரு அறையின் சாவி விஷயமாக அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டே என்னைப் பூரிப்பாகப் பார்த்தார். வாட்ச்மேன் வாசலில் நின்று வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்த அப்பாவிடம் ஓடினார். பதினெட்டு நிமிடம் கழித்து ஜெரார் மெர்சி என்றார், நான் மெர்சி என்றேன், போனை வைத்தேன்.

“என்ன சொல்றார்?” என்றார் மேடம்.

“எல்லாரும் நல்லா இருக்காங்களாம் மேடம். உங்களை விசாரிச்சார்.”

“பதினெட்டு நிமிஷமாவா?”

“பெரிய குடும்பம் மேடம்.”

மேடம் நம்பிவிட்டார். நம்பியதோடு டீ சொன்னார். ஷிப்ட் எப்படி, லீவு எப்படி என்றெல்லாம் பேச ஆரம்பித்தார். டீயில் ஏலக்காய் போட்டிருந்தது. ஒன்பதாவது இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அந்த ஏலக்காய் வாசனையிலேயே தெரிந்தது. இரண்டு மடக்கு குடித்திருப்பேன். மேடத்தின் கைபேசி டிங் என்றது.

ஜெரார் வாழ்க்கையில் முதல்முறையாக மெயில் போட்டிருந்தார். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்திருக்க வேண்டும். மேடம் அதைத் தமிழுக்கு மாற்றி, உரக்கவே படித்தார். அந்த இயந்திரத் தமிழ் எனக்கு இன்றும் மனப்பாடம்.

“‘மதிப்பிற்குரிய அம்மையார். உங்கள் இனிமையான பணிப்பெண் அனைத்திற்கும் ஆம் என்று கூறினார். கார்த்திகை தீபத்திற்குப் பத்து நாட்கள் இருபத்திரண்டு அறைகளும் எங்கள் குழுவிற்கு என்று உறுதி செய்தமைக்கு நன்றி. தீபம் பார்க்க மொட்டை மாடி முழுவதும் எங்களுக்கே என்பதற்கும் நன்றி. அதிகாலை நான்கு மணிக்குக் கஞ்சி. முற்றத்தில் கன்றுடன் ஒரு பசு. என் மனைவி சென்ற ஆண்டு மறைந்ததை நான் சொன்னபோது அவர் கூறிய நீளமான ஆம், எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.’”

நான் டீ டம்ளரை மேசை மேல் வைத்தேன்.

திருவண்ணாமலையில் தீபத்துக்கு அறை என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருபத்திரண்டு அறைகளும் போன தீபத்தன்றே அடுத்த தீபத்துக்கென்று சொல்லி வைக்கப்பட்டவை. வருடா வருடம் வருகிற குடும்பங்கள். அவர்களை எல்லாம் ஒரே ‘வீ’யில் நான் தெருவுக்கு அனுப்பியிருந்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?”

என் வாய் பழக்கதோஷத்தில் “யெ…” என்று ஆரம்பித்தது. அப்புறம் அதுவே வெட்கப்பட்டு நின்றுவிட்டது. “தெரியாது மேடம்” என்றேன். சொன்னதும் எல்லாம் வந்துவிட்டது. உம் கொட்டினது, துக்க ராகம், கோலம், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

“தெரியாம ஏம்மா எழுதினீங்க?”

“நான் எழுதல மேடம். அது ராசி.”

மேடத்துக்குப் புரியவில்லை. பிரபு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். மேடம், பிரிக்காமல் வைத்திருந்த மற்ற நான்கு ஃபைல்களையும் பிரித்தார். முதல் ஃபைல், பிரெஞ்சு. இரண்டாவது, பிரெஞ்சு, பறவைகளைக் கவனித்தல். மூன்றாவது, நான்காவது, அதே. வெளியே பெஞ்சில் அந்த நான்கு பேரும், மலையேறிப் பறவை பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“பாண்டிச்சேரியிலகூட இவ்ளோ ஜாஸ்தி கிடையாதேம்மா” என்றார் மேடம். குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் உதடு ஒரு பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. அதை அடக்கிக்கொண்டு, போனை என் பக்கம் தள்ளினார். “மெயில்ல நான் ஒரு வரி போட்டா முடிஞ்சிடும். ஆனா முடிச்சு நீங்க போட்டது. நீங்களே அவுருங்க.”

நான் அந்தப் போனைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எட்டு இன்டர்வியூவிலும் எனக்கு அந்தப் பயம் வந்ததில்லை. எழுந்து ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எப்படியும் வேலை போச்சு. ஓடிப்போய் வேப்பமரத்தடியில் அப்பாவோடு நின்று, அடுத்த வாரம் காபி போடக் கற்றிருப்பேன். ஆனால் அந்தப் பெரியவரின் குரல் காதிலேயே நின்றது. பெண்டாட்டி செத்ததைச் சொல்லி ஒரு மனிதர் ஆறுதல் அடைந்திருக்கிறார். அந்த ஆறுதலைப் பொய்யாகவே விட்டுவிட்டு எப்படிப் போவது?

போனை எடுத்தேன். நல்லவேளை, அந்தப் பக்கம் எடுத்தது, அன்றுதான் அவரைப் பார்க்க வந்திருந்த மகள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்தது. எனக்கு அந்த அளவு தெரியவில்லை. பி.காம். முதல் வகுப்பின் இலக்கணம் முழுவதும் அன்று கழன்று விழுந்தது. நேற்று நடந்ததை நாளைக்குச் சொன்னேன், அவரை அவள் என்றேன். ஆனாலும் சொன்னேன். எனக்கு உங்கள் மொழி தெரியாது, அறைகள் இல்லை, எங்கள் ஊரில் பெரியவர் பேசினால் நடுநடுவே சத்தம் கொடுப்பது மரியாதை, அந்த மரியாதையைத்தான் செய்தேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். துக்க ராகத்தையும் சொன்னேன். அது மட்டும் பொய் இல்லை, அவர் அழுகிறார் என்று மொழி தெரியாமலே எனக்குத் தெரிந்தது என்றேன்.

பிறகு அந்த அம்மா யாரிடமோ பிரெஞ்சில் நீளமாகச் சொல்வது கேட்டது. அப்புறம் ஒரு கிழச் சிரிப்பு, இருமலோடு, நிற்காமல். அவர் போனை வாங்கி என்னவோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தார். அப்படியானால் எப்போதுதான் இடம் இருக்கும் என்று கேட்கிறார் என்றார்.

மேடம், மார்கழி என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் பாதி அறை காலியாகக் கிடக்கிற காலம் அது. சொன்னேன். சரி என்றார்கள். பசு மாடு என்று அந்த அம்மா இழுத்தார். “மாடும் கன்னும் எங்க வீட்ல இருக்குது” என்று என் வாய் என்னைக் கேட்காமலே, தமிழிலேயே சொல்லிவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

போனை வைத்தபோது என் ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன்.

“எங்க போற?” என்றார் மேடம். “டீ ஆறுது.”

அதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.

“படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். தப்பு பண்ணிட்டியே, போன் போட்டுச் சொல்லுன்னா ஒருத்தருக்குத் தலைவலி வந்துடும், ஒருத்தருக்குப் பாட்டரி போயிடும். நீ எடுத்த பாரு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு.”

“ஆடியில சேரலாமா மேடம்?” என்று கேட்டேன். (கேட்பதற்கு எனக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை.)

“ஆடியிலயும் போன் அடிக்குதே” என்றார்.

வெளியே வந்தால் அப்பா, வேப்பமரத்தடியில் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் சொன்னதை அவர் அதற்குள் ஊரில் பதினோரு பேருக்குச் சொல்லி முடித்திருந்தார். வேலை கிடைத்ததைச் சொன்னதும் பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிட்டார். “பிரெஞ்சுல பிச்சி ஒதறிட்டாளாம்பா, வெள்ளைக்காரனே அழுதுட்டானாம்” என்றார். எனக்கு பிரெஞ்சு தெரியாதுப்பா என்று பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வழி நெடுக உம் கொட்டினார்.

அதுதான் இன்றுவரை விளைவு. எங்கள் ஊரில் யாரும் நம்பவே இல்லை. ‘எவ்ளோ அடக்கமா தெரியாதுன்னு சொல்லுது பாரு’ என்று என் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தைலம், சென்ட் பாட்டில், பொம்மை டப்பா எதுவானாலும் படிக்கச் சொல்லி என்னிடம்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை எந்தக் கேடும் வரவில்லை. மார்கழியில் ஜெரார் வந்தார், எங்கள் மாட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என்னிடம் அரை மணி நேரம் பேசினார், நான் கொட்டினேன், இருவருக்கும் திருப்தி. அப்பா சொன்ன சொல்படி பெண் பார்க்க வந்தவர்களை இரண்டு வருடம் தள்ளி வைத்தார். பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு பிரெஞ்சையும் விசாரித்தார்கள். இப்போது வீட்டில் அம்மா ஏதாவது சொல்லி அப்பா ‘ம்… ம்…’ என்றால், “பிரெஞ்சுல கொட்டாதீங்க, தமிழ்ல பதில் சொல்லுங்க” என்கிறாள் அம்மா. என் வீட்டுக்காரரும் இந்த உம் கொட்டலைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அவரிடம் காய்கறி வாங்கிவரச் சொல்லும்போது நானும் அம்மா சொல்வதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் எங்கள் கல்லூரியில் சுமதி மேடத்தைக் கூப்பிட்டார்கள். பட்டதாரிகளிடம் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கடைசி வருடப் பிள்ளைகளுக்குப் பேச வேண்டுமாம். மேடம் துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். மேடையில் பேனர், பூச்செண்டு, எதிரில் இருநூறு பிள்ளைகள், எல்லார் மடியிலும் நோட்டு. மேடம் எழுந்து மைக்கைப் பிடித்தார். நான் எதிர்பார்க்கிறதை நானே சொன்னால் மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கும் என்றார். “இவங்க புவனா, எங்க விடுதியோட உதவி மேனேஜர். உங்க காலேஜ்தான். இவங்க எப்படி வேலை வாங்கினாங்கன்னு இவங்களே சொல்லுவாங்க. பிரெஞ்சுலயும் பேசுவாங்க” என்றார்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மேடம் மைக்கை என் கையில் திணித்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் ஒரு பெண்ணை நகரச் சொல்லி உட்கார்ந்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டார், நான் வாயைத் திறக்கும் முன்பே, இருநூறு பேருக்கும் கேட்கும்படி, “ம்” என்றார்.